மருந்துக்கு மணக்கும் எண்ணெய் துணையாகுமா?



நம் தோட்டத்து வீடுகளில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இரண்டு பொருள்களைப் பார்க்கலாம். ஒன்று, சின்னத் தைலப் புட்டி. அது யூக்கலிப்டஸ் தைலமாக இருக்கலாம். பல்வலிக்கு வாங்கி வைத்த கிராம்பு எண்ணெயாக இருக்கலாம். மலாய்க்கார அண்டை வீட்டார் சொல்லிக் கொடுத்த மின்யாக் காயு பூத்தேயாகவும் இருக்கலாம். மற்றொன்று, கிளினிக்கில் கொடுத்த சிறு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்கைந்து கேப்சூல்கள் மிச்சம் இருக்கும். யாருக்குக் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்பது வீட்டில் ஒருவருக்கும் நினைவிராது.

இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். செடிகளிலிருந்து எடுக்கும் மணக்கும் எண்ணெய், கிருமிகளைக் கொல்லும் ஆண்டிபயாட்டிக் மருந்துக்குத் துணை நின்று அதன் வலிமையைக் கூட்டுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா? உண்மையென்றால் நம் வீட்டுப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

அதற்கு முன், நாமே செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நம் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்த ஒரு பையனுக்குக் காலில் செம்பனை முள் குத்திவிட்டது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போன இடத்தில் நடந்தது. முள்ளை எடுத்துவிட்டார்கள். ஆனால் குதிகால் வீங்கிச் சீழ் வைத்தது, காய்ச்சலும் வந்தது. பட்டணத்துக் கிளினிக்கில் ஏழு நாளைக்கு மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் காலையில் அவன் தாயார் மருந்து உறையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார்.

“வாத்தியாரே, வீக்கம் வத்திப் போச்சு, காய்ச்சலும் இல்லை. பாட்டி கிராம்பு எண்ணெய் தடவிக்கிட்டுத்தான் இருக்காங்க. இன்னமும் இதைக் கொடுக்கணுமா? இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

உறையின்மேல் மலாய் மொழியில் ‘ஹபிஸ்கான்’ என்று எழுதியிருந்தது. மருந்து தீரும்வரை சாப்பிட வேண்டும் என்று பொருள். நாம் அதைப் படித்தோம். பொருளும் நமக்குத் தெரியும். ஆனால் முதல் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். “வீக்கம்தான் வற்றிவிட்டதே அம்மா, மிச்சத்தை எடுத்து வையுங்கள், அவசரத்துக்கு உதவும்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். படித்தவர் சொன்ன சொல் என்று அந்தத் தாயும் அப்படியே செய்தார்.

பத்து நாள் கழித்துப் பையனின் கால் கணுக்கால்வரை வீங்கிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்துக் கீறிச் சீழை எடுத்தார்கள். அந்தச் சீழைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முன்பு கொடுத்த மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை என்று முடிவு வந்தது. வேறு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஒன்பது நாள் அவன் கட்டிலில் கிடந்தான். கிருமி முதலிலிருந்தே முரடா, மருந்தை நிறுத்தியதால் முரடானதா என்று டாக்டரால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. “ஆனால் சீழ் முழுதும் அடங்குமுன் மருந்தை நிறுத்தியது தவறு. யார் நிறுத்தச் சொன்னது?” என்று கேட்டார். நாம் கட்டிலின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். அந்தத் தாய் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. “என் புத்திக் குறைவுதாங்க, டாக்டர்” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு நாம் டாக்டரிடம் உண்மையைச் சொன்னோம் என்றாலும், அந்தச் சொல் இன்றுவரை நம் காதில் இருக்கிறது.

வெளியே வந்தபோது பையனின் பாட்டி நம்மிடம் ஒன்று கேட்டார். “அப்ப கிராம்பு எண்ணெய் பொய்யா, வாத்தியாரே? என் ஆத்தா காலத்திலிருந்து தடவுறோமே?” அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. பதிலைத் தேடிப் படித்ததில் நாம் அறிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

முதலில், மணக்கும் எண்ணெய் என்பது என்ன? அது தேங்காய் எண்ணெய், செம்பனை எண்ணெய் போன்றதன்று. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும், சற்றுத் தள்ளி ஒரு சொட்டு யூக்கலிப்டஸ் தைலமும் விடுங்கள். மறுநாள் பார்த்தால் தேங்காய் எண்ணெயின் கறை அப்படியே இருக்கும். தைலத்தின் கறை மறைந்துபோயிருக்கும். அது காற்றில் ஆவியாகிப் போகும் எண்ணெய். அதனால்தான் மணமும் வீடு முழுதும் பரவுகிறது.

இதைப் பொதுவாகப் பிழிந்து எடுப்பதில்லை. பெரும்பாலும் நீராவியால்தான் எடுக்கிறார்கள். இலையையோ பட்டையையோ கொதிநீராவியில் வேக வைத்தால், ஆவியோடு எண்ணெயும் கிளம்பும். அந்த ஆவியைக் குளிர வைத்தால், இட்லிப் பானை மூடியில் நீர் கோத்து நிற்பதுபோல நீரும் எண்ணெயும் சேர்ந்து சொட்டும்; பிறகு எண்ணெய் தனியே பிரியும். நாம் செராய் என்று சொல்லும் எலுமிச்சம்புல்லை 100 கிலோ போட்டாலும் அரைக் கிலோ அளவே எண்ணெய் கிடைக்கும். ஒரு சிறு புட்டிக்குள் எவ்வளவு செடி அடங்கியிருக்கிறது என்பதை இதிலிருந்து நினைத்துப் பாருங்கள். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

செடி நமக்காக இந்த எண்ணெயைச் செய்வதில்லை. பூச்சியும் பூஞ்சையும் கிருமியும் தன்னைத் தின்றுவிடாமல் இருக்கத் தனக்குக் காவலாகச் செய்துகொள்கிறது. கிராம்பில் யூஜெனால் என்ற பொருள் இருக்கிறது. ஓமத்தில் தைமால், கற்பூரவள்ளியில் கார்வக்ரால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, செராயில் சிட்ரால், காயு பூத்தேயில் சினியோல் ஆகியவை இருக்கின்றன. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம் அடுக்களையில் இருக்கும் பொருள்களே இவை என்று தெரிந்தால் போதும்.

இனி ஆண்டிபயாட்டிக் மருந்துக்கு வருவோம். 1928-ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாந்தர் பிளெமிங் என்பவர் ஒரு பூஞ்சை கிருமிகளை வளரவிடாமல் தடுப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் பெனிசிலின். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். விவரம் அறியாதவர்கள் மருந்தைக் குறைந்த அளவில் சாப்பிட்டால், கிருமிகள் சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மட்டும் 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கிருமி எப்படி மருந்தை எதிர்க்கிறது? அதனிடம் சில தந்திரங்கள் உண்டு. மருந்து உள்ளே நுழையும் வாசலை அடைத்துக்கொள்ளும். நுழைந்த மருந்தை, படகில் புகுந்த நீரை இறைப்பதுபோல வெளியே இறைத்துவிடும். மருந்தை வெட்டிப் போடும் நொதிகளைச் சுரக்கும். மருந்து போய்த் தாக்கும் இடத்தையே மாற்றிக்கொள்ளும். இவை போதாதென்று, பல கிருமிகள் ஒன்றாகக் கூடி வழவழப்பான போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்வதும் உண்டு.

இங்கேதான் மணக்கும் எண்ணெய் வருகிறது. கிருமியைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பினால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த சட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் ஒட்டாமல் ஓடிவிடும். எண்ணெய்தான் எண்ணெயோடு சேரும். அதுபோலவே யூஜெனாலும் கார்வக்ராலும் தைமாலும் அந்தக் கொழுப்புச் சவ்வுக்குள் எளிதாகப் புகுந்துவிடுகின்றன. புகுந்து, அதன் கட்டைத் தளர்த்துகின்றன. சவ்வு ஒழுக ஆரம்பிக்கிறது. அடைத்துக் கிடந்த வேலியில் வழி விழுந்துவிட்டது; அந்த வழியே ஆண்டிபயாட்டிக் உள்ளே போகிறது. ஆட்டைக் கடிப்பது வேலி அன்று, புலிதான். ஆனால் வேலி விழுந்தால் புலிக்கு வேலை சுலபம்.

சென்னையிலுள்ள ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. சில வகைக் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சுவரும் உண்டு. அதனால் அவை மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. அப்படிப்பட்ட கிருமிகளின்மேல், கிராம்பிலுள்ள யூஜெனாலைப் பல ஆண்டிபயாட்டிக் மருந்துகளுடன் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது மருந்து முன்னைவிடக் குறைந்த அளவிலேயே வேலை செய்தது. யூஜெனால் கிருமியின் சவ்வைச் சேதப்படுத்தியதையும் கண்டார்கள்.

இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று நம் பள்ளிப் பிள்ளைகள் கேட்டபோது, பல்லாங்குழிப் பலகையைக் காட்டிச் சொன்னோம். ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஒரு சிறு பிளாஸ்டிக் பலகை. அதில் 8 வரிசை, வரிசைக்கு 12 குழி, ஆக 96 குழிகள். எல்லாக் குழியிலும் கிருமியை விடுவார்கள். ஒரு பக்கமாகப் போகப் போக ஆண்டிபயாட்டிக்கின் அளவு பாதி பாதியாகக் குறையும். மறு பக்கமாகப் போகப் போக எண்ணெயின் அளவு அப்படியே குறையும். மறுநாள் எந்தக் குழி கலங்கியிருக்கிறது, எந்தக் குழி தெளிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கலங்கியிருந்தால் கிருமி வளர்ந்திருக்கிறது, தெளிந்திருந்தால் வளரவில்லை. மருந்தும் எண்ணெயும் தனித்தனியே தேவைப்பட்ட அளவில் கால் பங்கு, கால் பங்கு சேர்ந்தே கிருமியை அடக்கிவிட்டால், இவை ஒன்றுக்கொன்று துணை என்று முடிவு செய்வார்கள்.

நம் நாட்டிலேயே இப்படிப் பார்த்திருக்கிறார்கள். கோலாலம்பூர் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளின்மேல், எண்ணெயும் ஆண்டிபயாட்டிக்குமாக 35 இணைகளைச் சோதித்தார்கள். பைபெராசிலின் என்ற மருந்துக்கு இலவங்கப்பட்டை எண்ணெயும் லாவண்டர் எண்ணெயும் பெப்பர்மிண்ட் எண்ணெயும் துணை நின்றன. மெரோபெனெம் என்ற மருந்துக்குப் பெப்பர்மிண்ட் எண்ணெய் துணை நின்றது.

நேயர்களே, இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுங்கள். 35 இணைகளில் துணை நின்றவை 4. மற்ற 31 இணைகளில் எண்ணெய் சேர்ந்தும் ஒன்றும் கூடவில்லை. எந்த எண்ணெய், எந்த மருந்துக்கு, எந்தக் கிருமியிடம், எந்த அளவில் என்பதெல்லாம் பொருந்தினால்தான் பலன். ‘மணக்கும் எண்ணெய் எல்லாம் மருந்துக்குத் துணை’ என்று யாராவது சொன்னால், இந்த 31-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்குத் துணை மருந்து என்பது புதிய எண்ணமும் அன்று. அமாக்சிசிலின் என்ற ஆண்டிபயாட்டிக்கைச் சில கிருமிகள் நொதியால் வெட்டிப் போட்டன. அந்த நொதியின் கையைக் கட்டிப் போடும் கிளாவுலானிக் அமிலம் என்ற பொருளை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து எடுத்தார்கள். இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து 1981-இல் பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் மருத்துவமனைகளிலும் அது கொடுக்கப்படுகிறது. ஆகவே இயற்கையிலிருந்து ஒரு துணைவனைத் தேடுவது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் அந்தத் துணைவன் அளந்து, நோயாளிகளிடம் சோதித்து, தீங்கில்லை என்று கண்ட பிறகே மாத்திரைக்குள் வந்தான். நம் கிராம்பு எண்ணெய் இன்னும் அந்தப் படிகளை ஏறி முடிக்கவில்லை. வழக்கமான சிகிச்சையில் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்தாக இந்தக் கூட்டு இன்னும் வரவில்லை.

‘ஏன் காத்திருக்க வேண்டும்? கையில் கேப்சூலும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?’ என்று கேட்கலாம். கூடாது. அதற்குக் காரணங்கள் உண்டு.

பலகையின் குழியில் கிருமியும் மருந்தும் எண்ணெயும் மட்டுமே இருக்கின்றன. உடம்பு அப்படியன்று. விழுங்கிய எண்ணெயைக் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடும். குழியில் கிருமியைத் தளர்த்திய அளவு எண்ணெய் காலிலுள்ள சீழுக்குப் போய்ச் சேரும் என்று நம்ப இடமில்லை. அந்த அளவு சேர வேண்டுமென்று நிறையக் கொடுத்தால், கிருமியின் சவ்வைத் தளர்த்தும் பொருள் நம் உடம்பின் சவ்வையும் விட்டு வைக்காது.

புட்டிக்குப் புட்டி எண்ணெய் வேறுபடுவது இன்னொரு காரணம். விளைந்த மண், அறுத்த காலம், வடித்த முறை இவற்றுக்கு ஏற்ப அதிலுள்ள பொருள்கள் கூடும், குறையும். கலப்படமும் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய காரணம், அது நஞ்சாக முடியக்கூடும் என்பது. 100 கிலோ புல்லுக்கு அரைக் கிலோ எண்ணெய் என்ற கணக்கை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? இரசத்தில் போடும் ஓமமும் டீயில் போடும் செராய்த் தண்டும் உணவு. அவற்றின் எண்ணெய் அப்படியன்று. யூக்கலிப்டஸ் தைலத்தை ஒரு தேக்கரண்டி அளவு விழுங்கினாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். சாமி படத்துக்கு முன் ஏற்றும் சூடமும் அப்படித்தான். ஒரு சிறு துண்டு குழந்தையின் வாயில் போனால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகும். கிராம்பு எண்ணெயை விழுங்கிய குழந்தைகளுக்குக் கல்லீரல் கெட்டதுண்டு. இலவங்கப்பட்டை எண்ணெய் கலக்காமல் தோலில் பட்டால் புண்ணாக்கும். கைக்குழந்தையின் மூக்கருகில் தைலம் தடவினால் மூச்சுத் திணறலாம். ஆகவே இந்தப் புட்டிகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வண்டி இல்லையென்றால் 999-க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஆண்டிபயாட்டிக்கை டாக்டர் சொன்ன நாள்வரை, சொன்ன வேளையில் கொடுங்கள். உடம்பு தேறிவிட்டது, நிறுத்தலாமா என்ற சந்தேகம் வந்தால் டாக்டரையே கேளுங்கள். பக்கத்து வீட்டாரைக் கேட்காதீர்கள். வாத்தியாரையும் கேட்காதீர்கள்.

இரண்டாவது, மிச்ச மருந்தைச் சேர்த்து வைக்காதீர்கள். அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். மிஞ்சியதை மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்துவிடலாம். நம் நாட்டில் ஆண்டிபயாட்டிக்கை டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது காரணமில்லாமல் அன்று.

மூன்றாவது, சளிக்கும் தடுமனுக்கும் ஆண்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் வைரஸ் என்ற வேறு வகை நுண்ணுயிரால் வருபவை. அவற்றிடம் இந்த மருந்து பலிக்காது. வேண்டாத நேரத்தில் சாப்பிட்டால், வேண்டிய நேரத்தில் மருந்து கைவிட்டுவிடும்.

நான்காவது, புண்ணை முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கழுவிய புண்ணுக்குப் பல வேளைகளில் மருந்தே தேவைப்படாது. வீக்கம், சீழ், காய்ச்சல் கண்டால் எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

ஐந்தாவது, வீட்டில் தைலமோ நாட்டு மருந்தோ பயன்படுத்தினால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று அஞ்ச வேண்டாம். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பையன் காலூன்றி நடக்க ஒரு மாதமாயிற்று. அந்த ஆண்டு விளையாட்டுப் போட்டியில் அவன் ஓடவில்லை. திடலோரத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டினான். இப்போது இடைநிலைப் பள்ளியில் நன்றாக ஓடுகிறான் என்று கேள்விப்பட்டோம். அவன் பாட்டியைப் பார்த்து, அன்று சொல்லாத பதிலை ஒரு நாள் சொல்லிவிட்டு வந்தோம்.

“பாட்டி, கிராம்பு எண்ணெய் பொய்யில்லை. அதற்குள் இருக்கும் வலிமையைப் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் அது மாத்திரைக்குள் வந்து, மருந்தோடு தோள் கொடுத்து நிற்கலாம். ஆனால் இன்றைக்கு மருந்தின் இடத்தில் அதை உட்கார வைக்கக் கூடாது. அன்று பிழை செய்தது எண்ணெய் அன்று, நாம்தான்” என்றோம்.

பாட்டி சிரித்துக்கொண்டே, “சரி வாத்தியாரே, பல்லு வலிச்சா மட்டும் அதை எடுக்கிறேன்” என்றார்.

நேயர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். தைலப் புட்டியை மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். மிச்சமிருக்கும் மாத்திரை உறையை அடுத்த முறை பட்டணம் போகும்போது மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். இந்த இரண்டு காரியத்தையும் செய்தால் இன்றைய பேச்சுக்குப் பலன் கிடைத்ததாக மகிழ்வோம்.